மூன்று நாற்பதுக்கு ஒரு சதுரம்

வாஷிங்டன் என்பது இங்கே ஊர்ப்பெயர் இல்லை,
இரவுக் காவலாளியின் பெயர்.
மொந்தெவிதேயோவில் அந்தப் பெயரில்
இன்னும் இரண்டு பேரை எனக்குத் தெரியும்,
ஒருவர் பல் மருத்துவர்.

ஜூலை. ஆற்றிலிருந்து ஏறிவரும் குளிர்காற்று
கட்டடத்தின் ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்க்கிறது.
அடித்தளத்தில், கறுப்புத் திரைக்குள், நான்
இரவு ஒன்பதரையிலிருந்து
ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்குக் காவல்.
முப்பத்தேழு டிகிரி வெப்பம்
கிண்ணத்துக்கு மட்டும்;
எனக்கு இரண்டு ஸ்வெட்டர்.

நான்கு நிமிடத்துக்கு ஒரு படம்.
லேசர் நூற்றில் ஒரு பங்கு.
ஷட்டர் திறப்பது நகம் வெட்டும் சத்தம்: டிக்.
திரையில் புழுதி படிந்த பச்சை.
செல்லின் ஓரம் எது, வெறும் இரைச்சல் எது என்பது
கண்ணை இடுக்கினால்தான் பிடிபடும்.
"இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வைத்தால் என்ன, நிதியா?"
டாக்டர் ஒயார்சாபால் மாதம் ஒருமுறை கேட்பார்.
வைக்கலாம். படம் அழகாக வரும்.
படத்தில் இருப்பது செத்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
பதினோரு இழை பின்னிய பீப்பாய்,
நடுவில் மூன்று அமினோ அமிலங்கள்
தமக்குத் தாமே முடிச்சுப் போட்டு உட்கார்ந்திருக்கும்.
நீலத்தை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தரும்,
வாங்கியதில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு,
எந்தக் கடைக்காரரும் செய்வதுதான்.
ஒரு சொறிமுட்டையிடம் கடன்வாங்கிய மரபணு.
கோடையில் எங்கள் கரையில் ஒதுங்குபவற்றுக்கு
ஏதோ தூரத்து உறவு.
அகுவாவீவா என்போம், உயிருள்ள தண்ணீர்.
ஒன்பது வயதில் ஒன்று என் தொடையில் கிறுக்கியது
குளிரில் இன்னும் சிவக்கும்.

மூன்று நாற்பதுக்கு வாஷிங்டன் வந்தார்.
கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், கையில் மாத்தே குடுவை.
உள்ளே கொண்டுவரக் கூடாது என்றேன், வாசலில் வைத்தார்.
பதினாறு வருடமாக இந்தக் கதவைப் பூட்டுகிறாராம்,
எதைப் பூட்டுகிறோம் என்று யாரும் காட்டியதில்லையாம்.
குறையாகச் சொல்லவில்லை.
வெளியே மழை என்பதுபோலச் சொன்னார்.

செய்யக் கூடாததைச் செய்தேன்.
ஒரு மூலையைப் பெரிதாக்கி
லேசரை முழுதாகத் திறந்துவிட்டேன்.

அடேயப்பா, அது என்ன பச்சை!
சவ்வின் மடிப்புகள், விரல்போல் நீண்டு தடவும் நுனிகள்,
உள்ளே மூட்டை சுமந்து ஓடும் துகள்கள்.
"நகர்கிறது," என்றார்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"நாம் பார்ப்பது இதற்குத் தெரியுமா?"
எனக்குப் பதில் வருவதற்குள்
பச்சை வெளிறியது,
தண்ணீர் கலந்த பால்போல,
பிறகு தண்ணீர்போல.
"அணைத்துவிட்டீர்களா?"
இல்லை. தீர்த்துவிட்டோம்.
ஒவ்வொன்றும் இத்தனை முறைதான் ஒளிரும்,
எண்ணி அடுக்கிய தீக்குச்சி.

அடுத்த படத்தில் ஒரு கறுப்புச் சதுரம்.
ஓரங்கள் கத்தியால் வெட்டிய நேர்த்தி.
வாஷிங்டன் பார்த்த இடம் அது.
அவர் மன்னிப்புக் கேட்டார்,
என்னிடம் அல்ல, திரையிடம்.

டிக்.
சதுரத்தின் விளிம்பில் பாதி மாட்டிய செல் ஒன்று
தன் வெளிப்பாதியிலிருந்து
எரியாத விளக்குகளை உள்ளே நகர்த்தியது.
டிக். டிக்.
கறுப்பு தளர்ந்து சாம்பலாகி, பச்சை கசிந்தது.
நடுவில் இருந்தது மட்டும் உருண்டு சுருங்கி
அப்படியே நின்றுவிட்டது.
அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

சதுரத்துக்கு வெளியே, யாரும் ஆசைப்படாத மங்கலில்,
நூற்றுப் பதினெட்டாம் படத்தில்
ஒரு செல்லின் இடுப்பு ஒடுங்கியிருந்தது.
நூற்றுப் பத்தொன்பதில் இரண்டு செல்கள்.
இடையில் இருந்தது இருட்டு,
நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் பதிவேட்டை நிரப்பினேன்.
பயன்படுத்தியவர்: வாஷிங்டன் பின்தோஸ்.
லேசர் திறன்: நூறு.
நேரம்: ஐம்பது வினாடி.
நோக்கம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் மை கசிந்தது,
அதை அப்படியே விட்டேன்.