அறுநூற்றுப் பதினொன்று

பெட்டரிதான் காரணம் என்று முதலில் தோன்றவில்லை.
திரை தானாக மேலெழும்பி நின்றது,
உதடு வீங்கியவன் சிரிக்கப் பார்ப்பதுபோல.
புனிதவள்ளி அக்கா அதைத் துவாயில் சுற்றி எடுத்து வந்தாள்,
தலவாக்கலையில், பேக்கரிக்கு மேலே
நான் போன் திருத்தும் பலகை அறைக்கு.
"பாட வைக்க ஏலுமா?"
காசு தருவேன் என்றும் சொன்னாள்,
கூடப் பிறந்தவனிடம்.

குவைத்திலிருந்து வந்த சாமான்.
வந்த வாரமே அப்பா கேட்டார்:
குடுத்தாங்களா, எடுத்தியா?
அன்றைக்கு உடுப்புப் பெட்டிக்குள் போனது.
பதினொரு வருடம்.
யாரும் தொடாமல் கிடந்தே உப்பியிருக்கிறது.

புதுப் பெட்டரி மூவாயிரத்து அறுநூறு,
கொழும்பு, முதலாம் குறுக்குத் தெரு.
சோப்புப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து
பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டார்கள்.
கினிகத்தேனையில் மண் சரிந்து
நாலு மணிநேரம் பிந்தி வந்து சேர்ந்தது
பிஸ்கட் கனம்கூட இல்லாத அது.

ரீலோட் கார்ட் ஒன்றைச் சீவி ஓரத்தில் நுழைத்தேன்.
முறிந்தது. இன்னொன்று. அதுவும்.
பிறகு பட்டர் கத்தி.
டக்.
கொஞ்சம் பொறுத்து, டக் டக்.
வெள்ளி மூடியில், கீறல்களுக்குப் பின்னால் என் மூக்கு;
மூக்குக்குக் குறுக்கே
வலமிருந்து இடமாக வெட்டிய ஒரு பெயர்.

உள்ளே ரிப்பன் மாதிரி ஒரு வயர்.
அது அறுந்தால் கதை முடிந்தது.
மூச்சைப் பிடித்து நகத்தால் தள்ளினேன்.
பழைய பெட்டரி
எண்ணெயில் விழுந்த பப்படம்.
குத்திவிடாதே, குத்திவிடாதே.
கீழே பேக்கரி அடுப்பு, மேலே தகரம், நடுவில் நான்.
மணல் போட்ட பால்மா டின்னுக்குள் இறக்கி
ஜன்னலுக்கு வெளியே வைத்தேன், மழை படாமல்.

கரண்ட் போய்ப் போய் வந்தது.
ஒன்பதேகாலுக்கு உள்ளே ஏதோ சுழலத் தொடங்கிற்று;
காதில் வைத்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை.
தேதி ஜனவரி ஒன்று என்றது.
வெளியே ஆடி மழை.

லெப்டொப்பில் செருகினேன். எல்லாம் அரபுப் பாட்டு.
எதை எத்தனை தடவை கேட்டது என்று பக்கத்தில் ஒரு வரிசை:
மூன்று, ஏழு, ஒன்று, ஒன்று, நாலு,
ஒரே ஒரு பாட்டுக்கு
அறுநூற்றுப் பதினொன்று.
பிழையாக்கும் என்று மூடித் திறந்தேன்.
பிழை இல்லை.
நாலு நிமிஷப் பாட்டு. பெருக்கிப் பார்த்தேன்,
நாற்பது மணிநேரம்.

பிள்ளை மடுவத்தைப் பூட்டிவிட்டு வந்தாள் அக்கா,
தோளில் யார் வீட்டுக் குழந்தையோ கக்கிய பால்.
ஒரு காதில் மாட்டினாள். மற்றதை எனக்குத் தரவில்லை.
எண்ணைக் காட்டினேன்.
"ராவுல அயன் பண்றப்ப" என்றாள்.
"வெள்ள அங்கி. ஒண்ணுக்கு ஒரு பாட்டு.
பாட்டு முடியிறதுக்குள்ள கொலரும் முடிஞ்சிரணும்."
பேசும்போதே அவள் இடது கை
என் மேசை விரிப்பின் மடிப்பை நீவியது.

"அப்ப இவன் கேட்டது?"
மூடியில் இருந்த பெயரைத் தொட்டேன்.
"அவனுக்கு இந்தப் பாட்டு புடிக்காது."
அப்பாவின் கேள்வி என் வாய் வரைக்கும் வந்தது.
வேறொன்று கேட்டேன்:
"என்ன சொல்றான், பாட்டுல?"

"தெரியாது.
சீக்கிரம், கழுவு, இங்க வா, வெளிய போகாத,
எனக்குத் தெரிஞ்ச அரபு ஒண்ணும் இதுல வராது.
அதுக்குத்தான் கேட்டேன்."

முடிய இன்னும் கொஞ்சம் இருக்கையில் கழற்றிவிட்டாள்.
கடைசி வரை ஓடினால்தான் எண் ஏறும் என்று
நான் சொல்லவில்லை.
மேசையில் வைத்த காசை நான் எடுக்கவில்லை,
அவளும் எடுக்கவில்லை.

மூடி முன்போலப் பொருந்தாது, அக்கா.
கத்தி போன பக்கம் நகம் நுழைகிற இடைவெளி.
கூந்தலில் இருந்த ரப்பர் வளையத்தை உருவி
இரண்டு சுற்றுச் சுற்றினாள்,
அந்தப் பெயருக்கு மேலால்.
துவாயை மறந்துவிட்டுப் போனாள்.