சாயம் போன துணி

முத்துப்பட்டணம் கொட்டகையில்
விடியுமுன் மூன்றேகாலுக்கு
கேரியர்களுக்குத் துணி கட்டுவது என் வேலை.
கல்யாணத்துக்குச் சிவப்பு.
கானாடுகாத்தான் ஓட்டலுக்கு மஞ்சள்,
அங்கே மிளகாய் பாதி, விலை நாலு பங்கு.
பாலிடெக்னிக் மெஸ்ஸுக்குத் துணி கிடையாது,
அண்டாவின் நசுங்கலே அடையாளம்.
சினிமாக்காரர்களுக்கு நீலம்.
ஆஸ்பத்திரிக்குப் பச்சை.

அடுப்படி ஒன்றுதான்.
சோலையப்பன் உள்ளங்கையில் விட்டு
நக்கிப் பார்க்கிற சாம்பார்தான் எல்லோருக்கும்.
வாசல் தாண்டியதும்
சோற்றுக்குப் பேர் மாறிவிடுகிறது.
நோட்டில் எழுதுவேன்:
அறுநூற்றுப் பத்து இலை,
நானூறு தலை,
ஒரு யூனிட், எழுபது பேர்,
இருபத்திரண்டு படுக்கை.
வயிறு என்று ஒருநாளும் எழுதியதில்லை,
அதற்குப் பத்தி கிடையாது.

மாசி முகூர்த்தம் நெருக்கிய வாரம்
எல்லாத் துணியையும்
ஒரே வாளியில் ஊறப்போட்டேன்.
நீலமும் பச்சையும் வெளுத்து
இன்னதென்று சொல்ல முடியாத
ஒரே நிறமாகிக் கிடந்தன.
இருட்டில் கட்டினேன்.
அடைக்கலம் வண்டியை எடுத்துவிட்டான்.

பதினொன்றரைக்குத்தான் உறைத்தது.
உப்பில்லாத சுரைக்காயும் பாசிப்பருப்பும்
பள்ளத்தூர் ஷூட்டிங் வீட்டுக்கு.
வெண்டைக்காய் மண்டியும்
கோழி மிளகு வறுவலும்
ரத்தக்கொதிப்பு வார்டுக்கு.

சிஸ்டர் ரெஜினா போனில் கத்தினாள்:
"எல்லாத்தையும் புடுங்கிட்டேன்.
ஒன்பதாம் நம்பர் மட்டும்
தட்டைக் குடுக்க மாட்டேங்குறாரு.
பாதிக்கு மேல உள்ள போயிருச்சு."

இரண்டு மணிக்கு நூற்றெழுபது என்றாள்.
நாலு மணிக்கும் நூற்றெழுபது.
அன்று என் சோற்றில்
உப்பு இருந்ததா, தெரியவில்லை.
ஆறரைக்கு நூற்றைம்பது.
போனை வைத்துவிட்டு
தரையில் உட்கார்ந்தேன்.

நடுவில் பள்ளத்தூர் மேனேஜர்:
"ஹீரோ சாருக்கு ரொம்பத் திருப்தி.
நாளைக்கும் இதே மாதிரி லைட்டா குடுங்க.
லைட்மேன் பசங்கதான்
ஊறுகா, ஊறுகான்னு உசிரை எடுத்துட்டாங்க."

சோலையப்பன் திட்டவில்லை.
ஒருநாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலிக் கேரியரோடு
வார்டுச் சீட்டு திரும்பி வந்தது.
படுக்கை ஒன்பது. பெயர் கருத்தான்.
உணவு: உப்பில்லாமல்.
ரெஜினா மூன்று கோடு போட்டிருந்தாள்.
கீழே பென்சிலில், கோணலாக:
'அந்த மண்டி யார் வச்சது?'

பதில் எழுதவில்லை.
செக்காலை ரோட்டில்
இரண்டு மீட்டர் பச்சைத் துணி வாங்கினேன்.
சாயம் நிற்கட்டுமென்று
இரண்டு கைப்பிடி கல்லுப்பு போட்டு
ராத்திரி முழுக்க ஊறவைத்தேன்.
மணி மூன்று.
கொடியில் இன்னும் சொட்டுகிறது.