மூன்றாவது கதவு

மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரி,
பில்லிங் கவுண்டரில் இரவுப் பணி.
மூன்று மணிக்கு மேல் யாரும் பணம் கட்ட வருவதில்லை.
செத்துப்போன இணையப் பக்கங்களை அடுக்கி வைத்திருக்கும்
கிடங்கு ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டு
எங்கள் முகவரியைத் தட்டினேன்.
சும்மாதான்.
இருபத்திரண்டு வருஷம் கழித்தும்
விரலுக்கு அது மறக்கவில்லை,
நடுவில் வரும் அந்த அசட்டுக் கீழ்க்கோடு உட்பட.

வந்தது.
கறுப்புத் தரை, பச்சை எழுத்து,
படங்கள் இருந்த இடத்தில் காலிச் சதுரங்கள்.
மண்வெட்டியோடு குனிந்த மனிதன் மட்டும்
எப்படியோ தப்பித்து
இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறான்:
வேலை நடக்கிறது, ஏழாம் நிலை நாளை வரும்.
அவனுக்கு மேலே, கொட்டை எழுத்தில், பிழையோடு:
கோட்டையைக் கடப்பது எப்படி.
வழங்குவோர் ராஜநாகம், கருங்கழுகு.

ராஜநாகம் நான்.
கருங்கழுகு ஷைபி, இஞ்சிவிளைக்காரி.
இரட்டைப் பின்னல் போட்ட இரண்டு பெண்கள் என்று
உலகத்துக்குத் தெரியக் கூடாது.

களியக்காவிளையில் கரண்ட் போனால்
செக்போஸ்ட் தாண்டி அவள் பக்கம் ஓடுவோம்.
அங்கே போனால் இங்கே.
பஸ் சீட்டுக்கடியில் ரேஷன் அரிசி தேடிக்கொண்டிருந்த போலீஸ்காரர்
என் பையிலிருந்த ஃப்ளாப்பியைப் புரட்டிப் பார்த்து
இது என்ன என்றார் ஒருநாள்.
கோட்டை சார், என்றாள் ஷைபி.
போகச் சொல்லிவிட்டார்.

அரை மணிக்குப் பத்து ரூபாய் இந்தப் பக்கம்,
அந்தப் பக்கம் பன்னிரண்டு,
ஆனால் ஃபேன் உண்டு.
அவள் மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆடி,
ரஃப் நோட்டில் அறை அறையாக வரைந்து,
ஒவ்வொன்றாய் ஏற்றினோம்.
அவள் மலையாளத்தில் யோசித்தாள், நான் தமிழில்.
இருவருக்கும் சரியாக வராத இங்கிலீஷில் எழுதினோம்.

ஆறாம் நிலையில் சண்டை.
மூன்றாவது கதவு தாண்டினதும் லெஃப்ட், என்றேன்.
இடத்தல்லடீ, வலத்தாணு.
சிடி என்னுடையது என்றேன்.
கம்ப்யூட்டர் யாருடையது என்றாள்.
பிறகு கோட்டைக்குச் சம்பந்தமே இல்லாத பலதும் பேசினோம்,
எங்கப்பாவின் குடி வரைக்கும்.
அன்றைக்கே தனியாகப் போய்
லெஃப்ட் என்று ஏற்றிவிட்டு வந்தேன்.
பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாம்.
மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைப்பு.
அப்புறம் பி.காம்., கல்யாணம்,
இந்தக் கவுண்டர்.

கிடங்கில் எங்களுக்கு இருந்தது இரண்டே தேதி.
2003 மார்ச். வந்து போனவர்கள் 214.
அதில் இருநூறு நானே.
2006 நவம்பர். 391.
இது நானில்லை.

சதுரம் சதுரமாகக் கீழே இறங்கினேன்.
ஆறாம் நிலை. மூன்றாவது கதவு.
ரைட்.

வேறு ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.
கோட்டையின் பெயரில் என் எழுத்துப் பிழை அப்படியே,
எனக்க பெயர் முதலில், அவளுடையது இரண்டாவதாக.
ஏழாம் நிலை அப்போதும் நாளைதான்.

கண்ணாடியைத் தட்டினார் ஒருவர்.
பதினாலாம் வார்டு, டிஸ்சார்ஜ், அட்வான்ஸில் பாக்கி வருமா?
அறுநூற்று நாற்பது எண்ணிக் கொடுத்தேன்.
ஒரு நூறு அதிகம் என்று அவரே திருப்பித் தந்தார்.

அவளைத் தேடலாம். தேடினால் கிடைப்பாள்,
இப்போது யார்தான் கிடைப்பதில்லை.
நான் தேடியது விளையாட்டை. அதுவும் எங்கோ இருந்தது.
ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில், சத்தத்தை அணைத்துவிட்டு,
ஐந்து நிலைகளை ஒரே இரவில் கடந்தேன்.

இதோ மூன்றாவது கதவு.
தீப்பந்தம் நாலு மஞ்சள் புள்ளிகளாய் ஆடுகிறது.
அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.
திருத்துவதற்கென்றே ஒருத்தி திரும்பி வந்திருக்கிறாளே.

ஆனாலும் விரல்
லெஃப்ட்டில்தான் இருக்கிறது.