செட்டைக்கு அடியில்

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், வீரையடிக்குளம்.
தண்ணீர் ஒன்பதடி நாலங்குலம்.
துருசடிக் கோல் சொன்னதைத்
தவயோகன் கொப்பியில் எழுதிவிட்டான்.
அலைகரையில் நிற்பவை
ஒத்துக்கொள்ளவில்லை.

பதினேழு அரிவாள் மூக்கன்கள்.
வெள்ளை உடம்பு. கழுத்துக்கு மேலே மட்டும்
லாண்ட்மாஸ்டரின் கழிவு ஒயிலில்
முக்கி எடுத்த மொட்டைக் கறுப்பு.
வளைந்து இறங்கும் சொண்டு,
பிடி கழன்ற அரிவாள்.

கண்ணுக்கு இங்கே வேலையில்லை, கலங்கல்.
சொண்டின் நுனிதான்
சேற்றுக்குள் துழாவிப் பார்க்கிறது:
நத்தை, தவளைக்குஞ்சு, பெயர் தெரியாத ஏதோ நெளிவு.
சத்தமே இல்லை.
பக்கத்தில் ஆள்காட்டி கத்திக்கொண்டே இருக்கிறது.

ஒன்பதடி என்றால்
அந்த இடத்தில் அவற்றுக்கு வயிறு நனையும்.
இன்று கணுக்கால்கூட நனையவில்லை.

சாரத்தை மடித்துக்கொண்டு இறங்கினான்.
கோலின் அடியைக் கையால் தடவினான்.
ஒரு சாண் புதைந்திருந்தது.

சளக்கென்று அவன் நிமிர, பதினேழும் எழும்பின.
விரித்த செட்டைகளின் அடியில்
இறகு மூடாத தோல்,
வெட்டிய பீட்ரூட் சிவப்பில் ஒரு வரி.
ஏழு வருசம் இந்தக் கட்டில் நடந்தவன்
இதைக் கண்டதில்லை.

ஒன்பதை வெட்டி
எட்டடி ஏழு என்று எழுதினான்.
'குறிப்பு' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சநேரம் நின்றது.
பிறகு,
கோல் புதைந்துள்ளது.
உள்ளே சிவப்பு.