மூன்று வாரத்துக்குக் கடல்

முதல் வாரம் உறுதியாகச் சொல்லலாம்.
கிரீன்லாந்துக்குத் தெற்கே ஒரு தாழ்வழுத்தம்
முட்டையிட இடம் தேடும் கோழி மாதிரி
சுற்றிச் சுற்றி வருகிறது.
வியாழன் இரவு அது கிளப்பிவிடும் ஓதம்
சனிக்கிழமை விடிகையில்
அயர்லாந்தின் இந்த மேற்கு ஓரத்தில் வந்து விழும்.
பன்னிரண்டடி, பதினாறு வினாடி இடைவெளி,
காற்று தென்கிழக்கு, கரையிலிருந்து கடலுக்கு,
அலையின் முகத்தைத் தடவி நிமிர்த்துகிற காற்று.

கடை வாசல் பலகையில் எழுதிவிட்டேன்.
லோர்கன் வந்து பார்த்தான்.
பதினாறு என்பதை மட்டும்
பரிசு விழுந்த சீட்டுபோல இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தான்.
சனிக்கிழமை அவன் தங்கைக்குத் திருமணம்.
பத்தரைக்குள் கரையேறிவிடுவானாம்.

இரண்டாம் வாரம் பாதிக்குப் பாதி.
கணினியில் ஐந்து மாதிரிகள்
ஐந்து பேச்சுப் பேசுகின்றன.
கச்சான் வலுக்கும், மழை,
தண்ணீர் பன்னிரண்டு பாகை, கையுறை போடுங்கள்.

மூன்றாம் வாரத்தைப் பற்றி நான் எழுதுவது
பொய்யில்லை, அவ்வளவுதான்.

அன்று பார்த்து டெர்வ்லா வந்தாள்.
சேற்று பூட்ஸ், வாசலில் அணைக்காத டிராக்டர்.
இந்தக் கடையில் எல்லோரும் கேட்பது
'எவ்வளவு பெரிசு?'
அவள் கேட்டாள்:
'எப்போது ஒன்றுமே இருக்காது?'

எதிர்த் தீவில் அவளுக்கு நாற்பத்தொரு பெட்டை ஆடுகள்.
இக்கரையில் ஒரு கிடா.
கறுத்த முகம், சுருண்ட கொம்பு, இரவல் வாங்கியது.
நடுவில் ஒன்றரை மைல் தண்ணீர்.
அங்கே துறை கிடையாது, வழுக்குப் பாறைதான்.
மூன்றடி அலையில் மனிதன் தாவிவிடுவான்,
கிடா தாவாது.

அன்றிரவு வரைபடத்தைத் தலைகீழாகப் படித்தேன்.
பதினெட்டு வருஷம் மேட்டையே பார்த்த கண்
பள்ளம் தேடியது.
ஒரு ஓதம் ஓய்ந்து
அடுத்தது வந்து சேராத சந்து.
கிடைத்தது. நவம்பர் பன்னிரண்டு,
காலை எட்டிலிருந்து பகல் ஒன்று.
அதையும் ஒரே ஒரு மாதிரிதான் சொன்னது,
மற்ற நான்கும் சிரித்தன.

பலகையில்: பன்னிரண்டு, தட்டைக் கடல், தூங்குங்கள்.
அவளிடம்: ஏழுக்கே படகை இறக்கு.

பன்னிரண்டாம் தேதி கடல்
ஆறிய பால்போல ஏடு கட்டிக் கிடந்தது.
கால் கட்டிய கிடா
டெர்வ்லாவின் கோட்டைப் போர்த்திக்கொண்டு
படகின் அடியில் மாப்பிள்ளை முறுக்கோடு படுத்திருந்தது.
துடுப்புக்கு லோர்கன்.
தங்கை கல்யாணப் படத்தில்
உப்புக் காயாத தலையோடு ஓரத்தில் நிற்பவன்;
அலையில்லாத நாளில் அவனுக்கு வேறு வேலையும் இல்லை.

பன்னிரண்டே காலுக்குத் தொடுவானில் முதல் கோடு தடித்தது,
நான் சொன்னதற்கு முக்கால் மணி முன்னால்.
வெறும் படகு திரும்பிக்கொண்டிருந்தது.
மூன்றாவது அலை அதைத் தூக்கியபோது
டெர்வ்லா என் பக்கம் கை நீட்டிக் கத்தினாள்.
வசவுதான்.
நல்லவேளை, காற்று அந்தப் பக்கம்.

மறுநாள் பத்தடி. கடையில் ஈரக் கால்கள்.
கிடாவை மீட்டு வரவும் ஒரு நாள் வேண்டும்,
அதை நாங்கள் இன்னும் பேசவில்லை.

பலகையின் அடியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.
ஏப்ரல் இரண்டாம் வாரம் என்று எழுதி
பக்கத்தில் 'அங்கங்கே இரட்டை' என்றும் எழுதினேன்.
இவ்வளவு தூரத்துக்கு நான் கணித்ததே இல்லை,
இவ்வளவு தைரியமாகவும்.

பிரெஸ்ட்டிலிருந்து வேனில் வந்த எர்வான்
நின்று படித்தான்.
'இரட்டை என்றால் ரெண்டாள் உயரமா?
காற்று எந்தப் பக்கம்?'