ஷட்டவுன் மெயின்டனன்ஸ்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, நாலு மணி.
ஷாபியா பத்தில், மருந்துக்கடையின் மேல்மாடி.
வெளியிலிருந்து எதுவும் தெரியாதபடி
பால்நிறத் தாள் ஒட்டிய கண்ணாடிக் கதவு.
செருப்பை விடுகிறேன்.
ஹெல்மெட் வாரின் தடம் மட்டும்
தாடையில் என்னோடு உள்ளே வருகிறது.

தாட்சாயணி என்று நோட்டில் எழுத
மரிசெல்லுக்கு இரண்டு வருஷமாய் வரவில்லை.
தாஷா என்கிறாள்.
முசஃபா வொர்க்‌ஷாப்பில் நான் மேடம்,
விசாவில் அப்பா பெயரும் சேர்ந்த ஒரு நீளம்,
இந்தக் கட்டிலில் இரண்டே எழுத்து.
படுத்துக்கொள்ள அது போதும்.

முதல் நாள் கேட்டேன்:
வெள்ளையாக்குவாயா?
மாஃபி, என்றாள்.
கழுவுவேன். திறப்பேன். மூடுவேன்.
நிறம் உன்னுடையது, அதில் எனக்கு வேலையில்லை.
விலைப்பட்டியலில் இல்லாத அந்த வாக்கியத்துக்குத்தான்
நூற்றிருபது திர்ஹம் என்று வைத்துக்கொண்டேன்.

நீராவி.
வேர்வைக்குப் பஞ்சமில்லாத ஊரில்
காசு கொடுத்து வேர்க்கிறேன்.
ஆனால் இது
கதவைத் தட்டிவிட்டு வரும் சூடு.
ஒரு மாதத்து இரும்புத்தூள், கிரைண்டர் புகை,
சன்ஸ்கிரீனின் மேல் சன்ஸ்கிரீன்,
ஏசி உறிஞ்சியது போக மிச்சம்
எல்லாம் இளகுகிறது.

பிறகு விளக்கு. வட்டக் கண்ணாடி பதித்த விளக்கு.
இந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரும்.
ஆறு நாளும் இதே மாதிரி விளக்கோடு
நான் குனிவது குழாய்களின் மேல்.
பற்றவைப்பில் துளை உண்டா,
கசடு சிக்கியதா, ஓரம் கடித்திருக்கிறதா.
தப்பு என்றால் மஞ்சள் சாக்பீஸால் ஒரு வட்டம்.
வெட்டி எடு, மறுபடி வை.
வெல்டர்களுக்கு என் சாக்பீஸைப் பிடிக்காது.

மரிசெல்லும் துளைதான் பார்க்கிறாள்.
மூக்கின் ஓரம், முகவாய், பட்டை அழுத்தும் நெற்றி.
நகம் படாமல், விரலுக்கும் தோலுக்கும் நடுவே பஞ்சு வைத்து
ஒன்று.
அடுத்தது.
வலிக்கிறது.
கண்ணோரம் நீர் வந்தால்
வலியா வேறெதுவுமா என்று கேட்கமாட்டாள்,
துடைப்பாள்.

திங்கட்கிழமை ஃபோர்மேன் சொக்கநாதன்:
"என்ன மேடம், பளபளன்னு... வீட்ல ஏதும் விசேஷமா?"
"ஷட்டவுன் மெயின்டனன்ஸ் சார்.
பிளான்ட்டுக்கு மட்டும்தான் செய்யணுமா?"

மே மாதம் அவள் விரல் நின்றது.
இடது காதுக்கு முன்னால், வார் உரசும் கோட்டில்.
அட்டையை எடுத்து வந்தாள். என் முகம் அதில்
பேனாவால் வரைந்த முட்டை,
உள்ளே தேதி போட்ட புள்ளிகள்.
மார்ச்சில் இது இல்லை, என்றாள்.
ஏப்ரலில் எள்ளளவு. இப்போது ஓரம் கலைந்திருக்கிறது.
நான் தொடமாட்டேன். டாக்டரிடம் போ. நாளைக்கே.
அந்த இடத்தை மட்டும் விட்டு, சுற்றிலும் கிரீம் பூசினாள்.
சாக்பீஸ் இல்லாமல் போட்ட வட்டம்.

தினமும் பல் தேய்க்கும்போது எதிரே இருந்த முகம்தான்.
நான் பார்த்ததில்லை.
தன் வேலையைத் தானே ஆய்வு செய்யக்கூடாது
என்று எங்கள் விதிப்புத்தகத்தில் உண்டு.
மற்றவர்களைத் திருத்தத்தான் அதை மனப்பாடம் செய்திருந்தேன்.

வெட்டி எடுத்தார்கள். மூன்று தையல்.
ஒன்பது நாள் காத்திரு என்றார்கள்.
ஏழாம் நாள் நான் போட்ட வட்டத்தைக் காட்டி
வெல்டர் இர்ஃபான் மெதுவாகச் சொன்னான்:
மேடம், இது நல்ல ஜாயின்ட்.
மறுபடி குனிந்தேன். நல்ல ஜாயின்ட்தான்.
கையாலேயே அழித்தேன்.
பத்தாம் நாள் தாள் வந்தது:
கெட்டது எதுவுமில்லை.

ஆகஸ்ட். இரண்டாம் ஞாயிறு. நாலு மணி.
விளக்கை இழுத்துத் தழும்பைப் பார்க்கிறாள்.
நல்ல தையல், என்கிறாள்.
துளையில்லை, ஓரம் கடிக்கவில்லை,
நானே பாஸ் போட்டுவிட்டேன், என்கிறேன்.
அவளுக்குப் புரியவில்லை. சிரிக்கிறாள்.
அட்டையில் அந்தப் புள்ளியைக் கோடிட்டு அடித்து
பக்கத்தில் தேதி எழுதுகிறாள்.
உள்ளங்கைகளை உரசிச் சூடாக்குகிறாள்.

தாஷா, கண்ணை மூடு.