போட்டு வைப்போம்

யானைக்கல் பக்கம் வாழைத்தார் லாரி ஒன்று
"வா வா வா, போதும்" என்ற சத்தத்துக்குப்
பின்பக்கமாகவே வந்து நிற்கிறது.
ஏடிஎம் கண்ணாடிக்கு இங்கிட்டு
பிளாஸ்டிக் நாற்காலியில் நான்.
மணி பதினொன்று இருபது.
பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள்,
முன்னாள் படைவீரர் கணினிப் பயிற்சி விண்ணப்பத்தை.
செலவு அரசாங்கத்துடையது,
தூக்கம் என்னுடையது.

முதல் கட்டம், பெயர்.
வில்லங்கமே அதில்தான்.
எங்கய்யா வைத்தது மொக்கராசு.
ஜபல்பூரில் ஓர் எழுத்தர்
காதில் விழுந்த மட்டுக்கும் எழுதியது முக்ராஜ்.
பதினேழு வருசம்
முக்ராஜ்தான் சம்பளம் வாங்கினான்,
முக்ராஜ்தான் சல்யூட் அடித்தான்,
பென்ஷனும் அவனுக்குத்தான் வருகிறது.
ரேஷன் கார்டில் மட்டும் மொக்கராசு இருந்தான்.
இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று
உசிலம்பட்டி நோட்டரி முத்திரை குத்தினார்,
இருநூறு ரூபாய்.
அதையும் ஏற்றினேன்.

புகைப்படம் ஐம்பது கேபிக்குள்.
எத்தனை தடவைதான் முகத்தைச் சுருக்குவது?
மூன்றாவதில் மீசை போயிற்று.
நான்காவதில் யாரென்றே தெரியவில்லை,
ஏற்றுக்கொண்டது.

விரும்பும் பிரிவு என்ற இடத்தில் தொட்டால்
ஒரு பட்டியல் இறங்கித் தொங்குகிறது.
நடுவில் கிளவுட்.
மேகத்தை எனக்குத் தெரியும்.
தவாங்குக்கு மேலே ஒரு முகாமில்
கதவைத் திறந்தால் உள்ளே வரும்,
கம்பளியில் உட்காரும்,
செட்டின் பேட்டரியைக் குடித்துவிட்டுப் போகும்.
ஆண்டெனாவில் பனியைத் தட்டித் தட்டி
ஒரே ஒரு வாக்கியத்தை
மலைக்கு அங்கிட்டுத் தள்ளுவோம்:
அரிசி வந்தது, மண்ணெண்ணெய் வரவில்லை.
விரலால் அதைத் தொட்டேன். நீலமாயிற்று.

முன் அனுபவம், நூறு எழுத்துக்குள்.
கேபிள் இழுத்தேன் என்று எழுதி
அழித்தேன்.
தகவல் தொடர்புத் துறை, பதினேழு ஆண்டுகள்
என்று எழுதினால்
வேறு யாரோ வேலை கேட்பதுபோல் இருந்தது.
இருக்கட்டும் என்று விட்டேன்.
கூட இழுத்த பிஸ்வாஸ்
மூன்று விரலை அங்கேயே விட்டு வந்தான்.
எழுத்து எண்ணிப் பார்த்தேன், இடம் இல்லை.

ஓடிபி அனுப்பிவிட்டோம் என்கிறது.
பென்ஷனோடு சேர்ந்த நம்பர் தவமணியிடம்.
செல்லம்பட்டியில் தூங்கியிருப்பாள்,
விடிந்தால் நூறு நாள் வேலை.
மூன்று தடவை அடித்து நின்று
நாலாவதில் எடுத்தாள்.
"யாருக்கு என்ன?"
பட்டாளத்தான் பொண்டாட்டி
ராத்திரி போனுக்கு அப்படித்தான் பேசுவாள்.
"யாருக்கும் ஒண்ணுமில்ல.
மெசேஜ்ல ஆறு நம்பர் இருக்கும், சொல்லு."
கண்ணாடியைத் தேடினாள்.
நாலு, சைபர், ஏழு, ஏழு, ரெண்டு, அஞ்சு.
"திருப்பிச் சொல்லு" என்றேன், பழக்கத்தில்.
திருப்பிச் சொன்னாள்.
நானும் ஒரு தரம் சொல்லிக் காட்டினேன்.
"சரியா இருக்கு" என்றாள்
எதிர்முனை ஆபரேட்டரைப் போல.

அந்த எண்ணுக்கு ஆயுசு பத்து நிமிஷம்.
அப்போதெல்லாம்
வாரத்துக்கு மூன்று நிமிஷம்தான் எங்களுக்கு,
அதிலும் பாதி இரைச்சல்.
வைத்துவிடவில்லை அவள்.
மோட்டாரில் காயில் கருகிவிட்டதாம்.
வைண்டிங் கடைக்காரன் நாலாயிரம் கேட்கிறானாம்.
"நாப்பத்தி ரெண்டு வயசுல படிச்சா
வேலை குடுப்பானா?"
"போட்டு வைப்போம்" என்றேன்.
"ம்" என்றாள்.
கொட்டாவியும் கேட்டது, இரைச்சலே இல்லாமல்.

பதினொன்று ஐம்பத்தி நாலு.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
பிறகு ஒரு பதினான்கு இலக்கம் வந்தது.
வருகைப் பதிவேட்டின் கடைசித் தாளில்
அதை எழுதி,
கீழே கோடு போட்டேன்.

தோளில் வாழைக்கறையோடு
ஒரு லோடுமேன் வந்து நின்றார்.
"மிஷின் ஓடுதாண்ணே?"
எனக்கென்ன தெரியும்?
கதவைப் பிடித்துக்கொண்டேன், குளிர் வந்தது.
"போட்டுப் பாருங்க."